சோவியத் றைபிள்களின் அடையாளப் பொறிப்புகள்: ஒரு வரலாற்றுப் பொருள்முதல்வாத நோக்கு

வரலாற்றுச் சான்றுகள் எனக் கூறும்போது கல்வெட்டுகளையும் ஏடுகளையும் நாணயங்களையும் நினைவுகொள்ளும் நாம், யந்திரத் தொழிற்சாலைகளில் இலட்சக்கணக்கில் உற்பத்தியான பொருட்களை அவ்வரிசையிற் சேர்ப்பது அரிது. ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை போலத் தோன்றும் அப்பொருட்களுக்குத் தனித்தனி வரலாறு இருத்தல் இயலாது என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பிழையானது என்பதைக் காட்டுவதற்குச் சோவியத் இராணுவத்தின் பழைய றைபிள்கள் மிகப் பொருத்தமான உதாரணமாகும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் களஞ்சியங்களில் மிகையாகத் தேங்கிக் கிடந்து, காலப்போக்கில் உலகச் சந்தையை வந்தடைந்த இவ்வாயுதங்கள் ஒவ்வொன்றினதும் உருக்கிலும் மரத்திலும் முத்திரைகள், எழுத்துகள், இலக்கங்கள், ஆண்டுகள் எனப் பல பொறிப்புகள் காணப்படுகின்றன.

இப்பொறிப்புகளைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஆயுத சேகரிப்பாளர்களே. அவர்களது உழைப்பாற் பல விவரங்கள் தெளிவாகியுள்ளன என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் அவர்களது வாசிப்பின் இறுதி நோக்கு விலையாகவே அமைந்துவிடுகின்றது. எது அரியது, எது 'கலப்பற்றது', எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பனவே அங்கு முதன்மையான வினாக்கள். இப்பொறிப்புகளை அவற்றைத் தோற்றுவித்த அரசு, உற்பத்தி, போர் ஆகியவற்றின் பின்னணியில் வைத்து நோக்குவதும், சந்தையின் வாசிப்பு எவ்விடத்தில் வரலாற்றைத் தலைகீழாக்குகின்றது என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்ட பொருள், பொதுவழக்கில் 'மொசின்-நகான்' எனப்படும் றைபிளும் அதன் வழிவந்த வகைகளுமாகும்.

1. பெயரின்மை

1891 ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசின் இராணுவம் இவ்வாயுதத்தை ஏற்றுக்கொண்டபோது அதற்கு இடப்பட்ட உத்தியோகபூர்வப் பெயர் 'மூன்று கோட்டு றைபிள், 1891 ஆம் ஆண்டு மாதிரி' என்பதாகும். 'கோடு' என்பது அங்குலத்தின் பத்திலொரு பங்கைக் குறித்த பழைய ரஷ்ய அளவை. மூன்று கோடு 7.62 மில்லிமீற்றர் ஆகும். குழலின் உள்விட்டம் அதுவே. இதன் அமைப்பிற் பெரும்பங்கு செர்கேய் இவானவிச் மொசின் (1849–1902) என்னும் ரஷ்ய அதிகாரிக்குரியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோன் நகானின் கூறுகளும் இதிற் சேர்ந்துள்ளன. எனினும் இருவர் பெயரும் உத்தியோகபூர்வப் பெயரில் இடம்பெறவில்லை.

அமைத்தவனுக்கே பெயரில்லாத இடத்தில், அடித்தும் துளைத்தும் அராவியும் அதனை ஆக்கிய தொழிலாளிக்குப் பெயர் எவ்வாறு கிடைக்கும்? ஆயுதத்தின்மீது பெயர் பெற்றவை அரசும் தொழிற்சாலையும் மட்டுமே. பொறிப்புகளை வாசிக்கத் தொடங்கும் எவரும் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவாகும். இவை அரசு தனது உடைமையைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட பதிவுகள். அவை கூறுவனவற்றோடு கூறாது விடுவனவற்றையும் நாம் கவனிக்க வேண்டியுள்ளது.

2. தோற்றப் பொறிப்புகள்

ஆயுதம் பிறந்த இடத்தையும் காலத்தையும் உணர்த்தும் பொறிப்புகள் குழலின் பின்முனையில், அதாவது குழல் உருக்குக் கூட்டினுட் செருகப்படும் தடித்த பகுதியின் மேற்புறத்தில், அமைந்துள்ளன. தொழிற்சாலையின் சின்னம், ஆண்டு, தொடரிலக்கம், அரச இலச்சினை ஆகியன இங்கு காணப்படும்.

பேரரசுக் காலத்தில் ரஷ்யாவினுள் மூன்று தொழிற்சாலைகள் இவ்வேலையிலீடுபட்டன. மகா பீட்டரின் ஆணையால் 1712 இல் தொடங்கப்பட்ட துலா, 1807 இல் தொடங்கப்பட்ட இஷெவ்ஸ்க், பின்லாந்து வளைகுடாக் கரையிலுள்ள செஸ்த்ரரேத்ஸ்க் என்பனவே அவை. சிறு உறுப்புகளில் துலா சுத்தியலையும், இஷெவ்ஸ்க் வில்லும் அம்பும் சேர்ந்த வடிவத்தையும், செஸ்த்ரரேத்ஸ்க் தனி அம்பையும் பொறித்தன. குழலின் மேற்புறத்தில் தொழிற்சாலையின் முழுப்பெயரும் பேரரசின் இருதலைக் கழுகும் இடம்பெற்றன.

சோவியத் காலத்தில் இம்முறை சுருங்கியது. நீண்ட பெயருக்குப் பதிலாக வடிவச் சின்னமே போதுமானதாயிற்று. ஐம்முனை நட்சத்திரத்தினுள் அம்பு காணப்படின் அது துலாவினது. முக்கோணத்தினுள் அம்பு காணப்படின் அது இஷெவ்ஸ்கினது. இருதலைக் கழுகு இருந்த இடத்திற் கதிர்மாலை சூழ்ந்த அரிவாளும் சுத்தியலும் வந்தன. இவற்றைச் சுற்றி, சிறு வட்டங்களினுள் அமைந்த தனி எழுத்துகள் பல சிதறிக் கிடக்கும். இவை பரிசோதகர்களின் முத்திரைகள். ஒவ்வொரு கட்டத்திலும் உறுப்பைச் சோதித்து ஏற்றுக்கொண்டவரது பொறுப்பை அவை குறித்தன. தொழிற்சாலையின் உள்ளே மனிதர்கள் இருந்தனர் என்பதை அறிவிக்கும் பொறிப்பு இதுவொன்றே. ஆனால் அது செய்தவரைக் குறிப்பதன்று, செய்தவரது வேலையை மேற்பார்த்தவரைக் குறிப்பது என்பது கவனத்திற்குரியது.

3. எழுத்தும் அளவையும் காட்டும் காலம்

கல்வெட்டாய்வாளர் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு காலத்தைக் கணிப்பதுபோல, இங்கும் ஆண்டு தேய்ந்துபோனவிடத்து எழுத்து உதவுகின்றது. பழைய ரஷ்ய எழுத்துமுறையில் மெய்யொலியில் முடியும் சொற்களின் ஈற்றில் ஒலியற்ற 'வன்குறி' ஒன்று எழுதப்பட்டது. 1918 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தம் இவ்வழக்கத்தை ஒழித்தது. ஆதலின், 'தொழிற்சாலை' என்னும் பொருள்படும் 'ஸவோத்' என்ற சொல் வன்குறியுடன் முடியுமாயின் அது பழைய ஆட்சியின் எழுத்துமுறைக்குரியது எனத் துணியலாம். அடுத்த கட்டத்தில் ரஷ்யக் கூட்டாட்சிச் சோசலிசக் குடியரசின் எழுத்துச் சுருக்கம் தோன்றுகின்றது. 1922 டிசம்பரிற் சோவியத் ஒன்றியம் உருவானதன் பின்னர், இருபதுகளின் நடுப்பகுதியளவில், ஒன்றியத்தின் நான்கெழுத்துச் சுருக்கம் அதன் இடத்தைப் பெறுகின்றது. ஓர் அரசு எவ்வாறு தன் பெயரைத் தேடிக்கொண்டது என்பதை, இருபதுகளின் துலாக் குழல்களை வரிசையாக வைத்து நோக்குபவர் கண்ணாற் காணலாம்.

அளவையும் இவ்வாறே. பழைய றைபிளின் குறிகாட்டியில் தூரங்கள் 'அர்ஷின்' அளவையிற் குறிக்கப்பட்டிருந்தன. ஓர் அர்ஷின் ஏறத்தாழ 71 சதமமீற்றர். மீற்றர் முறையை ஏற்கும் ஆணையைப் புரட்சி அரசு 1918 இல் வெளியிட்டது. 1930 இல் மாற்றியமைக்கப்பட்ட '1891/30' மாதிரியிற் குறிகாட்டி மீற்றருக்கு மாறியது. 1 முதல் 20 வரையான இலக்கங்கள் நூறு மீற்றர்களைக் குறித்தன. பழைய குறிகாட்டியில் 600 என்ற இடம் உண்மையில் சுமார் 427 மீற்றர்தான் என்பதை நோக்கும்போது, இம்மாற்றம் வெறும் பெயர் மாற்றமன்று என்பது புலனாகும். ஒரு படைவீரனின் கண்ணும் கையும் புதிய அளவைக்குப் பழகவேண்டியிருந்தது.

இங்கே முக்கியமான ஓர் எச்சரிக்கை உண்டு. குழலிலுள்ள ஆண்டு குழலின் ஆண்டே. முழு ஆயுதத்தினதும் ஆண்டன்று. உருக்குக் கூட்டின் பின்புற வாலின் அடிப்பக்கத்தில், மரப்பிடியைக் கழற்றினால் மாத்திரமே காணத்தக்க இடத்தில், கூட்டின் ஆண்டு தனியே பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. மேலே அரிவாளும் சுத்தியலும் முப்பதுகளின் ஆண்டும் விளங்க, கீழே ஜாரின் காலத்து ஆண்டு மறைந்திருக்கும் றைபிள்கள் பல. முப்பதுகளின் நடுப்பகுதி வரை வழங்கிய பட்டைமுகக் கூடுகளில் இது சிறப்பாகக் காணப்படும். பழைய சமுதாயம் விட்டுச் சென்ற பொருட்களைக் கொண்டே புதிய சமுதாயம் தன்னைக் கட்டத் தொடங்குகின்றது என்னும் கூற்றுக்கு இதனிலும் தெளிவான பொருட்சான்று கிடைப்பது அரிது.

4. எல்லை கடந்த ஆயுதம்

பொறிப்புகளின் அரசியல் உள்ளடக்கம் மிகத் தெளிவாக வெளிப்படுவது ஆயுதம் கைமாறும்போதாகும். இதனை விளக்க மூன்று உதாரணங்கள் போதுமானவை.

முதலாவது, அமெரிக்கத் தயாரிப்பு. முதலாம் உலகப் போரில் ஆயுதப் பற்றாக்குறையால் தவித்த ஜாரின் அரசு, ஐக்கிய அமெரிக்காவின் ரெமிங்டன், நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸ் ஆகிய கம்பனிகளிடம் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட றைபிள்களுக்குக் கட்டளையிட்டது. 1917 இன் புரட்சி இவ்வொப்பந்தங்களைக் குலைத்தது. எஞ்சியவற்றில் ஒரு பகுதியை அமெரிக்க அரசே வாங்கித் தன் ஆயுதத்துறையின் முத்திரையைப் பொறித்தது. புரட்சி அரசுக்கெதிரான தலையீட்டின் பகுதியாக 1918 இல் அர்க்காங்கெல்ஸ்க் பகுதிக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கப் படையினருக்கு வழங்கப்பட்டவை இந்த றைபிள்களே. அமெரிக்கத் தொழிலாளர் ஆக்க, ரஷ்யப் பேரரசன் கட்டளையிட, ரஷ்யப் புரட்சியின் மீது நீட்டப்பட்ட ஆயுதம் இது. இம்மூன்று உண்மைகளையும் ஒரு சாண் நீள உருக்கின்மீது வாசிக்கலாம்.

இரண்டாவது, பின்லாந்து. ரஷ்யப் பேரரசின் பகுதியாகவிருந்து 1917 இற் சுதந்திரமடைந்த அந்நாட்டில், ரஷ்யக் காவற்படைகள் விட்டுச் சென்ற றைபிள்களையே 1918 இன் உள்நாட்டுப் போரில் செங்காவலரும் வெண்படையினரும் ஒருவர்மீது ஒருவர் பயன்படுத்தினர். பின்னர் பின்லாந்து தனக்கென வகைகளை உருவாக்கிப் புதிய குழல்களையும் பிடிகளையும் செய்ததாயினும், உருக்குக் கூட்டை ஒருபோதும் தானே செய்யவில்லை. அதன் தேசிய றைபிள் எனப் போற்றப்படும் 1939 மாதிரியிற்கூட உட்கூடு பழைய றைபிளொன்றிலிருந்து எடுக்கப்பட்டதே. 1939–40 குளிர்காலப் போரில் இரு தரப்பினரும் ஒரே குடும்பத்து ஆயுதத்தையே ஏந்தினர். தோற்றவனது றைபிள் வென்றவனது களஞ்சியத்திற் சேர்ந்தது. 1942 முதல் பின்லாந்து இராணுவம் தன் உடைமை அனைத்தின்மீதும் சதுரத்தினுள் இரு எழுத்துகளைக் கொண்ட முத்திரையைப் பொறித்தது. 'சுவோமென் ஆர்மெயா', அதாவது பின்லாந்து இராணுவம் என்பதன் சுருக்கம் அது. துலாவின் நட்சத்திரத்திற்கு அருகே இச்சதுரத்தைக் காணுமிடத்து, ஒரு போர்க்களத்திற் கைமாறிய கதையை ஊகிக்க இடமுண்டு.

மூன்றாவது, ஸ்பெயின். 1936 இல் தொடங்கிய உள்நாட்டுப் போரிற் குடியரசுத் தரப்புக்குச் சோவியத் ஒன்றியம் ஆயுதம் அனுப்பியது. அவற்றுட் சில பிராங்கோவின் வெற்றிக்குப் பின் அந்நாட்டுக் களஞ்சியங்களில் இருபதாண்டளவு கிடந்து, ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் அமெரிக்க வணிகர் கைக்குச் சென்றன. அவற்றில் 'சோவியத் ஒன்றியத்திற் செய்யப்பட்டது' எனப் பொருள்படும் ஆங்கிலப் பொறிப்புக் காணப்படும். இதனைச் சோவியத் தொழிற்சாலையின் பொறிப்பாகக் கொள்வோருமுளர். அது தவறு. சோவியத் தொழிற்சாலை தன் சொந்தப் படைக்குச் செய்த ஆயுதத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. இறக்குமதிப் பண்டம் பிறந்த நாட்டைக் காட்டவேண்டும் என்ற அமெரிக்கச் சுங்கச் சட்டத்தின் தேவைக்காகப் பின்னர் இடப்பட்டது அது. பாசிசத்திற்கெதிராக அனுப்பப்பட்ட ஆயுதம், பாசிசத்தின் களஞ்சியத்தினூடாகப் பண்டமாக மாறிய கணத்தையே அவ்வாங்கிலச் சொற்கள் பதிவுசெய்கின்றன. பொறிப்பொன்றின் சொற்பொருளை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. யார், எப்போது, எத்தேவைக்காகப் பொறித்தனர் என்று வினவவேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

5. அவசரத்தின் தழும்பு

இதுவரை நோக்கியவை திட்டமிட்டு இடப்பட்ட பொறிப்புகள். திட்டமிடாத பொறிப்புகளும் உண்டு. 1941 இன் இலையுதிர் காலத்தில் ஜெர்மன் படைகள் துலாவின் வாயில்வரை வந்தன. நகரம் வீழவில்லை, ஆயின் யந்திரங்களும் தொழிலாளரும் கிழக்கே கொண்டுசெல்லப்பட்டனர். உற்பத்தியின் முழுச்சுமையும் ஊரல் பிரதேசத்தின் அருகிலுள்ள இஷெவ்ஸ்கின்மீது விழுந்தது. போர்க்காலத்தில் அங்கிருந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட றைபிள்களும் குறுகிய வகைகளும் வெளிவந்தன. ஆண்கள் போர்முனைக்குச் சென்றமையாற் சோவியத் தொழிற்சாலைகளின் யந்திரங்களுக்கு முன்னாற் பெண்களும் பதின்வயதினரும் பெருந்தொகையாக நின்றனர்.

1942, 1943 ஆம் ஆண்டுகளின் இஷெவ்ஸ்க் றைபிளைப் போருக்கு முந்தியதொன்றோடு ஒப்பிட்டு நோக்கினால் வேறுபாடு உடனே புலப்படும். முன்னையதன் உருக்குக் கூடு கண்ணாடிபோல் மழுப்பப்பட்டிருக்கும். பின்னையதில் கடைசல் யந்திரத்தின் அலகு சென்ற வரிகள் அப்படியே தெரியும். சுடும் வேலைக்குத் தேவையற்ற மழுப்பலுக்கு நேரம் செலவிடப்படவில்லை. குழலின் உட்புறம், தாழ்முனை போன்ற இன்றியமையாத பகுதிகளில் நுட்பம் காக்கப்பட்டது. எங்கே நேரத்தை மிச்சம்பிடிக்கலாம், எங்கே பிடிக்கலாகாது என்ற தெளிவு இதிற் புலனாகின்றது. சேகரிப்பாளர் இவ்வரிகளை 'கரடுமுரடான வேலை' என்பர். எம் நோக்கில், இவ்வாயுதத்தின்மீது தொழிலாளி விட்டுச் சென்ற ஒரே கையெழுத்து இதுவாகும்.

6. அடித்தெழுதிய இலக்கங்கள்

போர் முடிந்தபின், நாற்பதுகளின் பிற்பகுதியிலும் அதனைத் தொடர்ந்தும், களத்திலிருந்து மீண்ட றைபிள்கள் ஆயுதக் களஞ்சியங்களுக்குக் கொண்டுவரப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டன. அவை முற்றாகக் கழற்றப்பட்டன. உறுப்புகள் வகைவாரியாகக் குவிக்கப்பட்டன. பழுதற்றவை மீண்டும் பொருத்தப்பட்டன. குழல், தாழ், ரவைக்கூட்டின் அடித்தகடு, பிடியின் அடித்தகடு ஆகியவற்றில் முன்பு ஒரே தொடரிலக்கம் இருந்தது. மறுபடி பொருத்தும்போது வெவ்வேறு றைபிள்களின் உறுப்புகள் ஒன்றுசேர்ந்தன. ஆதலாற் பழைய இலக்கத்தின் குறுக்கே ஒரு கோடிட்டு, அருகில் குழலின் இலக்கத்தைப் புதிதாகப் பொறித்தனர்; சிலவற்றில் மின்னூசியாற் கீறினர். மூலைக்கு மூலை கோடிட்ட சதுரம் போன்ற சிறு முத்திரைகள் ஆயுதம் புதுப்பிக்கப்பட்டதன் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன. மரப்பிடிக்குச் செவ்வரக்கு மெருகு பூசப்பட்டது.

தொலைநோக்கி பொருத்திய குறிச்சூட்டு றைபிள்களின் கதி இன்னும் தெளிவானது. பலவற்றின் தொலைநோக்கி கழற்றப்பட்டு, அதனைத் தாங்கிய துளைகள் உருக்காணியால் அடைக்கப்பட்டு மழுப்பப்பட்டன. பிடியில் வெட்டிய பகுதி மரத்துண்டால் நிரப்பப்பட்டது. ஆயினும் குழலின் பின்முனையிற் பொறித்திருந்த தொலைநோக்கியின் இலக்கம், சிலவேளை கோடிட்டு நீக்கப்பட்ட நிலையில், எஞ்சிநின்று பழைய பணியைக் காட்டிக்கொடுக்கின்றது. கைப்பற்றிய ஜெர்மன் மவுசர் றைபிள்களும் இதேவிதமாகப் புதுப்பிக்கப்பட்டன. அவற்றின் கூட்டிற் பெருக்கற்குறி போன்ற முத்திரையைக் காணலாம். சிலவற்றில் நாஜிகளின் கழுகுச் சின்னம் அடித்துச் சிதைக்கப்பட்டுள்ளது. 1917 இல் ஜாரின் இருதலைக் கழுகை அராவி நீக்கிய கைகளின் செயல் இங்கு மீண்டும் நிகழ்ந்தது எனலாம். சின்னம் நீக்கப்பட்ட இடத்தின் பள்ளமும் ஒரு பொறிப்பே.

7. சந்தையின் வாசிப்பு

1991 இற் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் ரஷ்யாவினதும் உக்ரைனினதும் களஞ்சியங்கள் சந்தைக்குத் திறக்கப்பட்டன. அமெரிக்காவிற்குட் பெருந்தொகையாகச் சென்ற இவை அங்கு மிக மலிவாக விற்பனையாயின. 1968 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இறக்குமதி செய்வோர் தம் பெயரையும் ஊரையும் ஆயுதத்திற் பொறிக்க வேண்டியிருந்தமையால், அரசுகளின் பொறிப்புகளுக்கு அருகே வணிக நிறுவனங்களின் பெயர்களும் சேர்ந்தன. ரஷ்யத் துப்பாக்கிகளுக்குப் புதிய இறக்குமதி அனுமதி வழங்குவதை அமெரிக்கா 2021 இல் நிறுத்தியதும் விலை மேலும் ஏறியது.

இச்சந்தையின் உயர்ந்த விழுமியம் 'இலக்கப் பொருத்தம்'. எல்லா உறுப்புகளும் தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரே இலக்கத்தைக் கொண்டிருந்தால் விலை உயர்வு. கோடிட்டு அடித்தெழுதப்பட்டிருந்தால் விலை தாழ்வு. இவ்விழுமியத்தை ஆராய்ந்தால் ஒரு விசித்திரம் வெளிப்படும். முற்றிலும் பொருத்தமான றைபிள் பலவேளைகளிற் போரை அதிகம் காணாத றைபிள். அடித்தெழுதப்பட்டதே களத்திற்குச் சென்று, உடைந்து, மற்றொன்றின் உறுப்பைப் பெற்று மீண்டது. சந்தை எதைக் குறையென்று கழிக்கின்றதோ அதுவே வரலாற்றாசிரியனுக்கு நிறைந்த சான்று.

1867 இல் வெளியான 'மூலதனம்' முதற்பாகத்தின் தொடக்க அத்தியாயத்தில், மனிதருக்கிடையிலான உறவு பொருட்களின் இயல்பாகத் தோன்றும் மயக்கத்தை மார்க்ஸ் விளக்கினார். ஒரு நட்சத்திர முத்திரையின் 'அருமை' உருக்கினுள்ளே உறையும் குணம்போலப் பேசப்படுவது அம்மயக்கத்தின் ஒரு வகையே. அருமை விலையாக மாறியதும் பொய்ச்சான்றும் உற்பத்தியாகின்றது. சாதாரண றைபிளிற் புதிதாகத் துளையிட்டுத் தொலைநோக்கி பொருத்திக் குறிச்சூட்டு றைபிள் என விற்பதும், இலக்கங்களை அராவி 'பொருத்தம்' செய்வதும் இச்சந்தையில் அறியப்பட்ட மோசடிகள். ஆதலின் துளையைக் கண்டவுடன் நம்பாது, குழலில் தொலைநோக்கி இலக்கம் உண்டா, பொறிப்பின் பள்ளத்தினுள்ளும் அதனைச் சூழ்ந்த உருக்கிலும் மெருகு ஒரே வயதினதா எனச் சோதித்தல் வேண்டும். பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு இடைச்செருகலைக் கண்டறியும் பதிப்பாசிரியனுக்கு இம்முறை அந்நியமானதன்று.

8. முடிவுரை

இவ்வாய்வு பழம்பொருளோடு முடிவதன்று. 2022 இல் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்தபோது, டொனெட்ஸ்க் பகுதியில் அவசரமாகத் திரட்டப்பட்ட ஆட்கள் சிலருக்கு இதே மொசின் றைபிள்கள் வழங்கப்பட்டமை படங்களுடன் பதிவாகியது. 1891 இன் மாதிரி, நூற்றாண்டு கடந்தபின்னும், வசதியற்றவனது கையில் மீண்டும் வந்து சேர்ந்தது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005 இல் ஏற்றுக்கொண்ட சிற்றாயுதத் தடங்காணல் ஆவணம் ஒவ்வோர் ஆயுதத்திலும் உற்பத்தியாளர், நாடு, தொடரிலக்கம் ஆகியன பொறிக்கப்படவேண்டும் என்கின்றது. மாற்றாக எளிய வடிவச் சின்னமும் இலக்கமும் சேர்ந்த முறையையும் அனுமதிக்கின்றது. நட்சத்திரமும் முக்கோணமும் எம்மரபைச் சார்ந்தவை என்பது வாசகர்க்கு இப்போது விளங்கும். எந்த ஆயுதம் எவ்வழியாக எவர் கையை அடைந்தது என்பதைக் கண்டறிந்து பொறுப்புக் கூறவைப்பதற்கு, இப்பொறிப்புகளைச் சரிவர வாசிக்கும் திறன் இன்றும் தேவைப்படுகின்றது.

தொகுத்து நோக்கின், இப்பொறிப்புகள் மூன்று வகையினரின் குரல்களைத் தாங்கியுள்ளன. அரசு தன் உடைமையை எழுதியது. வணிகன் தன் பண்டத்தை எழுதினான். தொழிலாளியும் படைவீரனும் எழுத இடம் பெறவில்லை. கத்தியாற் பிடியிற் செதுக்கிய ஒரு பெயர் இருந்திருப்பினும், களஞ்சியத்திற் பிடியைத் தேய்த்து அரக்குப் பூசியபோது அது மறைந்திருக்கும். எஞ்சியவை அலகு சென்ற வரிகளும், கோடிட்ட இலக்கங்களும், அராவிய பள்ளங்களுமே. விலைப்பட்டியல்கள் புறக்கணிக்கும் இத்தழும்புகளிலிருந்தே இவ்வாயுதங்களின் சமூக வரலாறு எழுதப்படல் வேண்டும்.